ஆள் சேராத நாளுக்குக் கூலி உண்டா? வாசகர் கேள்வி–பதில்

மழை விட்டு, அக்டோபர் வாக்கில் தடிஞ்சுட் பௌர்ணமி வந்தால், பர்மாவில் தங்கப் பாறைப் பகோடா இருக்கும் சைத்தியோ மலைக்குக் கூட்டம் கிளம்பிவிடும். கூடவே மலை அடிவாரத்தில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளின் கடிதங்களும் வர ஆரம்பிக்கும். இந்தத் தடவை வந்ததில் முக்கால்வாசி, வண்டி ஓட்டுவதைப் பற்றி இல்லை, ஓட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி! அதனால் மற்றக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முறுக்கு எண்ணெயில் வெடிக்கிறதே என்று கேட்ட அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், பதில் கட்டாயம் வரும்.

கேள்வி: அண்ணே, நான் மலை அடிவாரத்துக் கின்பூன் கேட்டில் (லாரிகள் வரிசை போட்டு ஆள் ஏற்றும் இடம்) சீசன் லாரி ஓட்டுகிறேன். யாத்திரைக்காரர்களை மேலே ஏற்றிக்கொண்டு போய், இறங்குகிறவர்களைக் கூட்டி வரவேண்டும். பௌர்ணமி, லீவு நாள் என்றால் சோறு தின்ன நேரம் இருக்காது. ஆனால் செவ்வாய், புதன் மாதிரி நாட்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் போட்ட வண்டி அப்படியே கிடக்கும். ஒரு நடை போய் வந்தால் நாள் முடிந்தது. எனக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஓனரிடம் கேட்டால் "நாள் பூரா மரத்தடியில் படுத்துக் கிடந்தவனுக்கு என்ன கூலி?" என்கிறார். இது நியாயமா? (ஓர் ஓட்டுநர், கின்பூன்)

பதில்: நியாயம் இல்லை தம்பி. ஆனால் பேச்சே நடைக்கு இவ்வளவு என்றுதான் என்றால் ஓனர் பேச்சு மாறவும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

உங்கள் வண்டிக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். பலகைக்கு ஆறு பேர், மொத்தம் நாற்பது சொச்சம், டிரைவர் பக்கத்து சீட்டுக்குத் தனிக் காசு. பௌர்ணமி அன்றைக்கு இந்த ஏற்பாடு பிரமாதமாக ஓடும், ஸ்பேர் பையன் (ஆள் ஏற்றிக் காசு வாங்கும் உதவியாள்) தொண்டை கிழியக் கூப்பிட வேண்டாம், ஜனங்களே முண்டியடித்து ஏறிவிடுவார்கள். ஆள் இல்லாத நாளில் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர் கேட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் சேர எண்பது நிமிஷம் ஆகும். உங்களுக்கு முன்னால் மூன்று லாரி நின்றால் அவை நிரம்பிப் போகவே நாலு மணி நேரம், அதற்கு மேல் உங்களுடையது நிரம்ப இன்னும் ஒரு எண்பது நிமிஷம். ஆக ஐந்து மணிக்குப் போட்ட வண்டி பத்து இருபதுக்குக் கிளம்பும். இதில் உங்கள் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? அந்த நேரம் முழுக்க நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது, வேறு கூலிக்குப் போக முடியாது, வரிசை நகர்ந்தால் வண்டியை நகர்த்தணும், மலைப்பாதை என்பதால் ஒரு வாய் தண்ணி அடிக்கவும் முடியாது (அடிக்கவும் கூடாது). ஒருவனை ஒரு இடத்தில் இருக்கச் சொல்லிவிட்டால் அந்த நேரம் அவனுடையது இல்லை. வேலைக்கு இருத்தி வைத்த நேரம் எல்லாம் வேலை நேரம்தான். மரத்தடியில் படுத்திருந்தாலும் சரி, உட்கார்ந்திருந்தாலும் சரி.

கூலி பேசுவதில் கேட்டுக்குக் கேட்டு வழக்கம் மாறும், ஆனாலும் கடைசியில் இரண்டு மூன்று விதம்தான். ஓனர் காசு என்று தினமும் ஒரு தொகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது ஒன்று. ரங்கூன் டாக்சிக்காரர்களுக்குப் பழக்கமான வழி இது, பௌர்ணமிக்கு ராஜா, செவ்வாய்க்கிழமைக்குக் கடன்காரன். நடைக் கூலியில் கடன் விழாது, ஆனால் ஆள் வராத நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். நாள் சம்பளத்தில் அந்த நஷ்டம் ஓனர் தலைக்குப் போய்விடும், அதனால் அவர் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொண்டாலும் பௌர்ணமி அன்றைக்கு நாலு நடை போகிறவன் ஒரு நடை போகிறவன் வாங்குகிற காசையேதான் வாங்குவான், அதுவும் கொஞ்ச நாளில் வயிற்றெரிச்சல். என்னைக் கேட்டால் சின்னதாக ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் நடைக்குக் கொஞ்சம் என்று கலந்து பேசுங்கள். விசேஷ நாள் வரும்படி குறையும்தான், அதற்குப் பதில் சும்மா கிடக்கும் நாளில் வீட்டில் அரிசிக்குக் கை ஏந்த வேண்டாம்.

எப்போது பேசுவது என்பது அதைவிட முக்கியம். ஆள் இல்லாத நாளில் போய்க் கேட்டால் அவர் பையிலும் காசு இருக்காது, கோபம்தான் இருக்கும். தடிஞ்சுட்டுக்கு முன்னால், டிரைவர் கிடைக்காமல் அவர் அலைகிற வாரத்தில் பேசுங்கள், இல்லாவிட்டால் மார்ச்சில் தபாங் பௌர்ணமி நெருங்கும்போது பேசுங்கள். போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, வரிசையில் போட்ட நேரம், கிளம்பிய நேரம், எத்தனை தலை, இவ்வளவு எழுதினால் போதும். "நான் சும்மாவா இருந்தேன்?" என்று கத்துவதைவிட அந்த நோட்டைத் திறந்து வைத்தால் அதிகம் எடுபடும்.

இன்னொன்று, இது ஓனரோடு இல்லை, டிரைவர்களுக்குள் பேச வேண்டியது. ஒரு நாளில் மலைக்கு வருகிறவர்கள் இருநூறு பேர்தான் என்றால் மேலே போவது ஐந்து நடைதான். கேட்டில் ஐந்து லாரி நின்றாலும் ஐந்து, பத்து நின்றாலும் ஐந்து. பத்துப் பேரும் விடியற்காலையில் வந்து வரிசை போட்டால் ஐந்து பேர் ஒரு நடையோடு போவார்கள், மிச்ச ஐந்து பேர் டீக்கடைக்குக் காசு அழுதுவிட்டுப் போவார்கள். ஆள் குறைந்த நாட்களில் முறை வைத்து இன்றைக்கு ஐந்து வண்டி, நாளைக்கு மற்ற ஐந்து என்று விட்டால் வரும்படியில் ஒரு காசு குறையாது, பாதி நாள் பொண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம். இது கேட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனாலும் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள், நான் வராத நாளில் கூட்டம் வந்துவிட்டால் என்று ஆளுக்கு ஆள் பயம். கூட்டம் வந்தால் போன் போட்டுக் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொண்டால் அந்தப் பயமும் போய்விடும்.

கேள்வி: போன மாதம் பேரப்பிள்ளைகளோடு சைத்தியோ போனோம். லாரியில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு குடும்பம் காலிப் பலகைக்கும் சேர்த்துக் காசு கொடுத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. காசு உள்ளவன் கேட்டால் கிளம்புகிற வண்டி, கிழவி கேட்டால் கிளம்பாதா? (ஒரு பாட்டி, பெகு)

பதில்: பாட்டி, உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அந்த டிரைவர்மேல் காட்டாதீர்கள். நீங்கள் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னாலிருந்தே அவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். பாதி ஆளோடு கிளம்பினாலும் அந்த ஏழு மைல் ஏற்றத்துக்கு டீசல் ஏறக்குறைய அதேதான் செலவாகும், வாங்குகிற காசு மட்டும் பாதி. அதனால் காலி இடத்துக்கு யார் காசு கொடுத்தாலும் வண்டி கிளம்பிவிடும், அது அவர்களுக்கு மரியாதை காட்டுவதற்காக இல்லை. அந்தக் குடும்பம் கொடுத்த காசில் நீங்களும்தானே மேலே போனீர்கள்! மிச்சம் நாலைந்து இடம்தான் என்றால் ஏறியிருக்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கிளப்பலாம், ஸ்பேரிடம் கேட்டால் அவரே வசூல் பண்ணித் தருவார்.

என் கருத்து வேறு. ஆள் குறைந்த நாட்களில் "நிரம்பினால் அல்லது ஒரு மணி நேரம் ஆனால்" என்று கேட்டில் ஒரு விதி வைக்கணும். முதலில் ஏறியவர்தான் அதிக நேரம் காத்திருக்கிறார், கடைசியாக ஓடிவந்து ஏறுகிறவர் காத்திருப்பதே இல்லை, இரண்டு பேரும் கொடுப்பது ஒரே காசு. இது தெரிந்தவர்கள் முதலில் ஏறாமல் டீக்கடையிலேயே உட்கார்ந்து விடுகிறார்கள், அதனால் வண்டி இன்னும் காலியாகத் தெரிகிறது, வருகிறவர்களும் ஏறத் தயங்குகிறார்கள். அடுத்த தடவை போனால் பையனை வண்டி பக்கத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் நிழலில் இருங்கள். மேலே போகும் வழியில் இறங்குகிற வண்டிகளுக்காக ஒரு இடத்தில் நிறுத்துவார்கள், அதையும் மனசில் வைத்துத் தண்ணீர்ப் பாட்டில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சீசனுக்கு வண்டி ஓட்டப் போகிறார். வேலை அதிகமான நாளில் ஒழுங்காகத்தான் வருகிறார். ஆள் இல்லாத நாளில்தான் வாயெல்லாம் சிவப்பு, பையில் காசும் இல்லை. கேட்டால் "சும்மா இருந்தால் பொழுது போகணுமே" என்கிறார். டூ-டி என்கிற இரண்டு இலக்க நம்பர்ச் சூதாட்டமும் கட்டுகிறார் என்று நினைக்கிறேன். எப்படிச் சொல்லித் திருத்துவது? (ஒரு சகோதரி, தட்டோன்)

பதில்: சகோதரி, நினைக்க வேண்டாம், கட்டுகிறார். திங்கள் முதல் வெள்ளி வரைதான் டூ-டி நம்பர் வரும், மலையில் ஆள் இல்லாத நாளும் அதே நாட்கள்தான். தாய்லாந்து பங்குச் சந்தை எண்ணை வைத்து மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நம்பர் வருகிறது. அதாவது காத்துக் கிடக்கிறவனுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை எதையாவது எதிர்பார்க்கிற சுகம் கிடைக்கிறது, அதுக்குத்தான் காசு போகிறது. சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னால் சிரிப்பார். அதனால் கணக்கைச் சொல்லுங்கள். 00 முதல் 99 வரை நூறு நம்பர் இருக்கிறது. எல்லா நம்பருக்கும் நூறு நூறு கியாட் கட்டினால் பத்தாயிரம் ஆகும். கட்டாயம் ஒரு நம்பர் விழும், அதற்கு எண்பது மடங்கு, எட்டாயிரம் தருவார்கள். எல்லா நம்பரையும் வாங்கினவனுக்கே இரண்டாயிரம் நஷ்டம் என்றால் கனவில் பாம்பு வந்தது, யானை வந்தது என்று ஒரு நம்பரைக் கட்டுகிறவனுக்கு எங்கிருந்து லாபம் வரும்? எப்போதாவது ஒரு தடவை விழும், அந்தக் கதையைத்தான் வருஷம் பூரா சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வெற்றிலை விஷயம் இதைவிடப் பெரிது. புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்குதானே என்று சமாதானம் சொல்வார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. பாக்கு தனியாகவே கெடுதல்தான். வாய் திறப்பது சிறிதாகிக்கொண்டே வந்தாலோ, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் திட்டு இருந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சீசன் முடியட்டும் என்று பார்க்காதீர்கள். ஒரேயடியாக விடச் சொன்னால் சண்டைதான் வரும். ஆள் இல்லாத நாளில் சாப்பாட்டுத் தூக்கோடு வறுத்த கடலையும் சூரியகாந்தி விதையும் கட்டிக் கொடுங்கள், வாய்க்கும் கைக்கும் வேலை வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அலுப்புதான், கெட்ட புத்தி இல்லை. திட்டும்போது அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஸ்பேராக இருக்கிறேன். எங்கள் டிரைவர் அண்ணன் ஆள் சேரும்வரை எஞ்சினை ஓடவிட்டே வைக்கிறார். ஆஃப் பண்ணினால் "கிளம்பாத வண்டியில் எவன் ஏறுவான்?" என்கிறார். சரியா? (ஒரு ஸ்பேர் தம்பி, கின்பூன்)

பதில்: எஞ்சின் ஓடினால் இப்போது கிளம்பிவிடும் என்று நினைத்து நாலு பேர் ஏறுவார்கள் என்பது உண்மை. அந்த நாலு பேரும் அரை மணி நேரத்தில் உங்களைத் திட்டுவார்கள் என்பதும் உண்மை. பெரிய டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை காலன் சுமாருக்குக் குடித்துவிடும். ஆள் வராத நாளில் காலையிலிருந்து மதியம் வரை அப்படி ஓடவிட்டால் ஒரு நடையின் லாபத்தில் நல்ல துண்டு புகையாகப் போகும், அந்தப் புகையும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் மூக்கில்தான். ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்ற வேண்டும் என்றால் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடவிட்டால் போதும்.

அண்ணனுக்கு நீங்கள் சொல்ல முடியாது, வயசு இடிக்கும். ஒன்று செய்யுங்கள், ஆள் இல்லாத நாள் காலையில் நீங்களாகவே ஏர் டேங்க்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு அந்த டேங்க்கில் நிறையத் தண்ணீர் சேரும், அது பிரேக் குழாய்க்குள் போனால் வம்பு. அப்படியே சக்கரத்து நட்டு, பலகை ஆணி, ஏணிப்படி எல்லாவற்றையும் ஒரு சுற்று தட்டிப் பாருங்கள். அந்த இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சின் பிடித்து இறங்காமல் பிரேக்கை மட்டும் மிதித்து வந்தால் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போய்விடும். கருகின வாசனை வந்தால் வெட்கப்படாமல் அண்ணனிடம் சொல்லுங்கள். சூடான டிரம்மில் வாளியோடு தண்ணீரை ஊற்றி விடாதீர்கள், விரிசல் விடும். கூட்ட நாளில் இதையெல்லாம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. எஞ்சினை நிறுத்தினால்தான் வண்டிக்கு அடியில் போக முடியும் என்று ஒரு காரணமும் கிடைத்துவிடும் பாருங்கள்!

கேள்வி: சீசன் வேலையை விட்டுவிட்டு ரங்கூனில் டவுன் பஸ் ஓட்டப் போகலாமா? மாதச் சம்பளம் என்கிறார்கள். (ஓர் இளைஞர், மோல்மீன்)

பதில்: போகலாம். முன்பு ரங்கூன் பஸ்ஸும் உங்கள் லாரி மாதிரிதான், ஏற்றுகிற ஆளுக்குத் தக்க வரும்படி. அதனால் கூட்டம் உள்ள ஸ்டாப்பில் நகராமல் நிற்பார்கள், பின்னால் இன்னொரு பஸ் வந்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். 2017 ஜனவரி 16இல் வை.பி.எஸ். என்கிற புது ரங்கூன் பஸ் சேவை வந்து முந்நூறுக்கும் மேற்பட்ட லைன்களைக் கலைத்துச் சுருக்கியது. காசுப் பெட்டி வைத்து ஸ்பேரையும் எடுத்துவிட்டார்கள். ஆளுக்காகச் சண்டை போட வேண்டிய அவசியம் குறைந்தது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே உங்களுக்கு ஆள் இல்லாத நாள் என்று ஒன்றே இருக்காது, பஸ் காலியோ நிரம்பியோ ஓட்டிக்கொண்டேதான் இருக்கணும், நெரிசலில். யாருக்கு எது ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

ஒன்று கவனியுங்கள். இங்கே 1970இல் ரோட்டின் வலது பக்கம் ஓட்டணும் என்று மாற்றினார்கள், வண்டிகள் மட்டும் ஜப்பானிலிருந்து ஸ்டீரிங் வலது பக்கமாகவே வந்துகொண்டிருந்தன. முன்னால் போகும் வண்டியைத் தாண்ட எதிரில் பார்க்க வேண்டும் என்றால் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற ஸ்பேரின் கண்தான் நம் கண். அவர் இல்லாமல், ஸ்டீரிங் இடது பக்கம் உள்ள புது பஸ்ஸில் ஏறினால் முதல் கொஞ்ச நாள் அகலம் பிடிபடாது. அவசரப்படாமல் பழகுங்கள்.

கேள்வி: மகன் மலை லாரி ஓட்டுகிறான். நவம்பர், டிசம்பரில் இங்கே நெல் அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, அவனோ செவ்வாய், புதனில் கேட்டில் சும்மா கிடக்கிறான். கூப்பிட்டால் "வரிசை போயிடும்பா" என்கிறான். (ஒரு தகப்பனார், பெகு பக்கம்)

பதில்: ஐயா, அவர் சொல்வது பொய் இல்லை. வரிசையை விட்டுப் போனால் கடைசிக்குத் தள்ளுவார்கள். முதல் கடிதத்துக்குச் சொன்ன முறை வைக்கிற ஏற்பாடு வந்தால் உங்களுக்குத்தான் முதல் லாபம். அது வரும்வரை ஒரு வழி இருக்கிறது. அதே கேட்டில் ஊர்ப்பக்கம் நிலம் இல்லாத டிரைவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நடை முக்கியம். உங்கள் மகன் அறுப்பு வாரத்துச் செவ்வாய், புதன் முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் வேறு வாரத்தில் இரண்டு நாள் வாங்கிக்கொள்ளட்டும். ஓனருக்கு முன்கூட்டியே சொல்லிவிடணும், அவர் வண்டியை வேறு ஆள் ஓட்டுவது அவருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. சனிக்கிழமை மட்டும் கேட்காதீர்கள், அன்றைக்கு யாரும் மாற்ற மாட்டார்கள். அறுப்பு எந்த வாரம் என்று இப்போதே தேதி சொல்லிவிடுங்கள், நெல் சாய்ந்த பிறகு போன் போட்டால் அவருக்கும் ஆள் பிடிக்க நேரம் இருக்காது.